மான்குட்டிக்கு அரைஞாண்

மட்டாஞ்சேரி,
16-1-1972

அன்புத் தம்பி நல்லசிவத்துக்கு, அக்கா முப்பிடாதி ஆசி சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். அப்பாவுக்குக் கண்ணில் புரை கூடியிருக்கிறது, வாய்க்கு ஒரு குறைவும் இல்லை. உன் உடம்பு எப்படி என்பதை முதல் வரியிலேயே எழுது. கடைசி வரி வரைக்கும் அப்பா பொறுக்கமாட்டார்.

உன் பொங்கல் கடிதம் வந்தது. தபால்கார வர்கீஸ் சேட்டன் தெருமுனையிலேயே “முப்பிடாதிக்கு ஆப்பிரிக்கக் கத்து வந்நு” என்று கூவிவிடுகிறார். பிறகு யாருக்குத் தெரியாமல் இருக்கும்? வழக்கம்போல விளக்கேற்றியதும் முன்னறையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். அப்பா, அத்தான், பக்கத்து வீட்டுக் கனகாம்பாள், அவள் வீட்டுக்காரர் எல்லாரும் கேட்டார்கள். சிவராத்திரிக்குப் போகும் ஆலுவா மணப்புறத்தைத் தாண்டி நான் எங்கும் போனதில்லை. எனக்கு மலை என்றால் நீ எழுதுகிற மலைதான். ஆனால் போன நாளிலிருந்து மலையையே எழுதுகிறாய். மலையடியில் இருப்பவனைப் பற்றி ஒரு வரி கிடையாது.

எர்ணாகுளத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நீலகண்டன் அண்ணாச்சியின் மகள் பாக்கியலக்ஷ்மியை உனக்குக் கேட்டிருக்கிறோம். பத்தாவது பாஸ். தமிழும் மலையாளமும் எழுதுவாள். படம் இத்துடன் இருக்கிறது. அப்பா சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறார்: “தாயில்லாப் பிள்ளைய அக்காக்காரி வளத்துட்டா, கட்டிக்குடுக்க வேண்டியது நான். அதப் பாத்துட்டுத்தான் என் கண்ணு முழுசாப் போகணும்னு எழுதுட்டீ.”

பதில் போடு. மலையை அடுத்த கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம்.

உன் அக்கா,
முப்பிடாதி


எம்பாலே, உகாண்டா,
9-2-1972

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி நல்லசிவம் வணங்கி எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடு. அப்பாவும் அத்தானும் நீயும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

மலை எவ்வளவு பெரியது என்று அப்பா கேட்டிருந்தார். எல்கன் மலை உயரத்தைவிட அகலத்தில்தான் பெரியது. கொச்சியிலிருந்து திருச்சூர் வரைக்கும் ஒரே மலை உட்கார்ந்திருந்தால் எப்படியோ அப்படி. ஒரு காலத்தில் நெருப்பு கக்கிய மலை, இப்போது அடங்கிவிட்டது. கீழே வாழையும் காப்பியும். எங்கள் காப்பிக் கிடங்கு அங்கேதான், நான் கணக்கு எழுதுகிறேன். அதற்கு மேலே பெரிய மரக்காடு. கருப்பு உடம்பில் வெள்ளைப் போர்வை போட்டதுபோல ஒரு குரங்கு, கிளைக்குக் கிளை பாயும்போது அந்தப் போர்வை பறக்கும். அதற்கும் மேலே மூங்கில். இங்குள்ளவர்கள் மூங்கில் குருத்தைப் புகையில் காயவைத்துக் குழம்பு வைக்கிறார்கள். நன்றாகவே இருக்கிறது.

மலையில் குகைகள் உண்டு. சிலவற்றில் பாறையிலேயே உப்பு இருக்கிறது. யானைகள் இருட்டிய பிறகு வரிசையாக உள்ளே போகும். கண்ணுக்கு எதுவும் தெரியாத கும்மிருட்டு. தும்பிக்கையால் தரையைத் தடவித் தடவி நடந்து, கொம்பால் பாறையைப் பெயர்த்து மென்று தின்னும். குட்டி தாயின் காலை ஒட்டிக்கொண்டே போகும். தடுக்கி விழுந்தால் பள்ளம்தான். இருந்தாலும் உப்பு வேண்டுமே.

படம் கிடைத்தது. நன்றாகப் படம் பிடித்திருக்கிறார்கள். இப்போதைக்கு லீவு கிடைக்காது.

அன்புத் தம்பி,
நல்லசிவம்


மட்டாஞ்சேரி,
4-3-1972

தம்பி நல்லசிவத்துக்கு அக்காவின் அன்பு. இங்கே எல்லாரும் இருந்தபடி இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

“நன்றாகப் படம் பிடித்திருக்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறாய். பெண்ணைப் பற்றிக் கேட்டால் ஸ்டூடியோக்காரனைப் பாராட்டுகிறாய். வாசித்ததும் கனகாம்பாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. “அவ்வளவுதானா, அடுத்த பக்கம் இருக்கான்னு பாருட்டீ” என்றார். அடுத்த பக்கம் இல்லை என்று காகிதத்தைத் திருப்பிக் காட்டினேன். கண் தெரியாதவரிடம் திருப்பிக் காட்டி என்ன பயன்?

இங்கே சுக்கு காயப்போடும் காலம். தெருவெல்லாம் இஞ்சி வாசனை. அத்தான் பண்டகசாலையிலிருந்து வந்து கைகழுவினால் வாளித் தண்ணீர்கூடக் காரமாகிவிடுகிறது. உன் யானைகள் உப்புக்காக இருட்டுக்குள் போனாலும் விடிவதற்குள் வெளியே வந்துவிடுமே. நீ வருகிற வழியைத்தான் காணோம். சரி, இல்லை என்று இரண்டில் ஒன்று எழுது. நீலகண்டன் அண்ணாச்சியைப் பார்த்தால் தெருமாறி நடக்க வேண்டியிருக்கிறது.

அக்கா


எம்பாலே,
17-5-1972

அன்புள்ள அக்கா, உன் பாதங்களில் வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். மழை, காப்பிக் கொள்முதல் எல்லாம் ஒன்றாக வந்துவிட்டன. அப்பாவின் கண்ணுக்கு மருந்து விடுகிறீர்களா?

ஒரு சங்கதி. இங்கே புதரில் வாழும் மான் உண்டு. செம்பழுப்பு நிறம், உடம்பில் சுண்ணாம்புப் புள்ளி வைத்ததுபோல இருக்கும். தாய் மான் குட்டியைப் புதருக்குள் ஒளித்துவைத்துவிட்டுத் தூரத்தில் மேயும். பால் கொடுக்க மட்டும் வரும். மோப்பம் பிடித்து எதுவும் வந்துவிடக் கூடாது என்று குட்டியின் சாணத்தைக்கூடத் தின்றுவிடும். அவ்வளவு ஒளிப்பு. அந்த மாதிரி ஒரு மான்குட்டி இப்போது என் பொறுப்பில் இருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால், பொழுது சாய்ந்தால் அழ ஆரம்பிக்கிறது. குடித்த பாலைக் கக்குகிறது. வயிறு கல்லாக இருக்கிறது. தோளில் போட்டு நடந்தால் தூங்குகிறது, உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா எதையோ சுட்டு உரைத்து நாக்கில் தடவுவாள் என்று சொல்வாயே, அது என்ன? எவ்வளவு கொடுக்க வேண்டும்? உடனே எழுது அக்கா. இங்கே கேட்க எனக்கு ஆள் இல்லை.

நல்லசிவம்


மட்டாஞ்சேரி,
3-6-1972

தம்பி நல்லசிவத்துக்கு. நீ நலமா? சரியாகத் தூங்குகிறாயா? இங்கே நாங்கள் நலம்தான்.

கடிதத்தை வாசித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். “மான் தோளில கெடந்து ஒறங்குமோ?” என்று கனகாம்பாள் கேட்டாள். “ஆப்பிரிக்க மானுக்கு அதெல்லாம் பழக்கம்” என்றார் அத்தான். “மானைக் கொஞ்சுறவன் ஒரு மனுசியக் கட்டினா என்னவாம்?” என்றார் அப்பா. நானும் சிரித்தேன். நடுவில் ஓரிடத்தில் குரல் நின்றது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீதியை வாசித்தேன்.

நீ கேட்டது வசம்பு. ஒரு துண்டு உறையில் வைத்திருக்கிறேன். விளக்கெண்ணெயில் நனைத்து, விளக்குச் சுடரில் காட்டிக் கரியாக்கு. கல்லில் இரண்டு இழை உரை, அதற்குமேல் வேண்டாம். தாய்ப்பாலில்தான் உரைக்க வேண்டும். மிச்சக் கரியைத் தொப்புளைச் சுற்றித் தடவு. தாய்க்குப் பூண்டு வேகவைத்துக் கொடு. குளிர்ந்த தண்ணீரில் கை வைக்கவிடாதே. மலையடியில் குளிர் அதிகம் என்று நீதானே எழுதியிருக்கிறாய்.

கூடவே ஒரு கருப்புக் கயிறு இருக்கிறது. இங்கே இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் கட்டுவோம். அந்த நாள் தாண்டியிருக்கும், பரவாயில்லை. கிழக்கே பார்த்து நின்று கட்டு. மானுக்கு எதற்கடா அரைஞாண் என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டு மானுக்குக் கட்டுவோம் என்று சொல்.

எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தக் கயிறு வாங்க வேண்டிய வேளை வரவில்லை. கடைக்காரன் யாருக்கு என்று கேட்டான். தம்பிக்கு என்று சொல்லிவிட்டேன்.

நீலகண்டன் அண்ணாச்சி வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா


எம்பாலே,
11-7-1972

அன்பு அக்கா, வணக்கம். இங்கே சுகம். இந்த முறை உண்மையாகவே சுகம்.

கயிறு கட்டியாயிற்று. அது இடுப்பில் கிடக்கிற அழகை எனக்கு எழுதத் தெரியவில்லை. வசம்பு வந்து சேர்வதற்குள்ளேயே அழுகை நின்றுவிட்டது. எப்படி நின்றது என்பதை நேரில்தான் சொல்வேன். எழுதினால், முன்னறையில் வாசிக்கும்போது உன் குரல் மறுபடியும் நின்றுவிடும்.

போன மாதம் காப்பிக்காரர்களுடன் மலை உச்சிக்குப் போனேன். மூங்கிலைத் தாண்டினால் மரங்களெல்லாம் பாசித் தாடி வைத்திருக்கின்றன. அதற்கும் மேலே மரமே இல்லை, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த செடிகள். பகலில் அவை முட்டைக்கோஸ்போல இலையை விரித்து நிற்கும். பொழுது சாய்ந்ததும் இலைகளை மடக்கிக் குருத்தைப் பொத்திக்கொள்ளும். ராத்திரி உறைபனி, காலையில் மறுபடி விரியும். எலும்பு தின்னும் கழுகு ஒன்று இருக்கிறது. எலும்பை உயரத் தூக்கிப் பாறையில் போட்டு உடைத்துத் தின்கிறது.

உச்சியில் பெரிய கிண்ணம்போலப் பள்ளம். பழைய நெருப்பின் வாய். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க அரை நாள் பிடிக்கும். கிண்ணத்தின் கிழக்கு விளிம்பு உடைந்திருக்கிறது. அந்த உடைப்பு வழியாக ஓர் ஆறு இறங்கிக் கென்யாவுக்குப் போகிறது. உடைப்பின் பக்கத்தில் வெந்நீர் ஊற்று. மலையின் இந்தப் பக்கம் உகாண்டா, அந்தப் பக்கம் கென்யா. அந்தப் பக்கத்து அடிவாரத்தில் கிட்டாலே என்ற ஊரில்தான் பாலக்காட்டு அப்துல் ஜலீல் பாய் கடை வைத்திருக்கிறார், முன்பு எழுதியிருக்கிறேனே. யானைகள் இரண்டு பக்கமும் போய்வருகின்றன. அவற்றிடம் யாரும் சீட்டு கேட்பதில்லை.

பாக்கியலக்ஷ்மி வீட்டில் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. காரணம் கேட்டால் எனக்கு லீவு இல்லை என்று சொல்.

நல்லசிவம்


எம்பாலே,
27-8-1972

அக்காவுக்கு வணக்கம். அப்பாவைப் பதற வேண்டாம் என்று சொல். நான் நன்றாக இருக்கிறேன்.

ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். நம்மவர்கள் எல்லாரும் நவம்பர் முதல் வாரத்துக்குள் இந்த நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்று உத்தரவு. கடைகளெல்லாம் பாதி மூடிவிட்டன. பஞ்சாலைத் தெருவில் நாற்காலிகளையும் தையல் மிஷின்களையும் வாசலில் போட்டுவிட்டு ஆட்கள் கிளம்புகிறார்கள். கிடங்கில் என் மேஜையில் வேறு ஒருவரை உட்காரவைத்து, கணக்கைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறேன்.

அக்கா, மான்குட்டியைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கம்பாலாவுக்குப் போய் விசாரித்தேன். எனக்குச் சீட்டு உண்டு. அதற்கும் அதன் தாய்க்கும் ஒரு காகிதமும் இல்லை. ஊரில் ஒரு வீடு அவற்றை ஏற்றுக்கொள்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் வந்தால் வழி பண்ணிப் பார்க்கலாம் என்று ஓர் ஆபீசர் சொன்னார். நம் வீட்டில் இடம் உண்டா?

நீ சொல்வதைச் செய்கிறேன். சின்ன வயசிலிருந்து நீ சொன்னதைத்தான் செய்திருக்கிறேன்.

நல்லசிவம்


மட்டாஞ்சேரி,
14-9-1972

தம்பிக்கு. நீ பத்திரமாக இருக்க வேண்டும் என்று விளக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அப்பா ஒரு வேளைதான் சாப்பிடுகிறார். இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். எழுத எழுத வாசித்துக் காட்டச் சொல்கிறார்.

உடனே புறப்பட்டு வா. பெட்டி போனால் போகட்டும். நீலகண்டன் அண்ணாச்சியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னாய். நான் சொல்வதற்குள் அவரே ரேடியோ கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். “பையன் உசுரோட வரட்டும், தை வரைக்கும் நாங்க பொறுத்துக்கிடுதோம்” என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அதற்குமேல் நான் எதைச் சொல்ல?

மானைப் பற்றிக் கேட்டிருந்தாய். மட்டாஞ்சேரியில் மான் கட்ட இடம் ஏது? நம் வீடு உனக்குத் தெரியாததா? ஒரு முன்னறை, ஓர் அடுக்களை. தெரு சும்மா இருக்குமா? வருகிறவர் போகிறவரெல்லாம் வேடிக்கை பார்ப்பார்கள். மலையில் பிறந்தது மலையிலேயே இருக்கட்டும். தாய் இருக்கிறதல்லவா, அது பார்த்துக்கொள்ளும். விட்டுவிட்டு வா.

அப்பா இந்த வரியைக் கேட்டுவிட்டு, “இதுக்கெல்லாமா ஒரு பாரா எழுதுவ? கப்பல் எப்பன்னு கேளு” என்கிறார். கப்பல் எப்போது?

அக்கா


மட்டாஞ்சேரி,
2-11-1972

தம்பி நல்லசிவத்துக்கு. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

புரட்டாசி முழுக்கப் போய், ஐப்பசியும் பாதிக்கு மேல் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வர்கீஸ் சேட்டன் இப்போதெல்லாம் நம் தெருவில் சத்தம் போடாமல் போகிறார். அத்தான் பம்பாய்க்குப் போய் வந்தார். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாராம். கைக்குழந்தையோடு வந்தவர்களையும் பார்த்தேன் என்றார். ஏன் அவர்களைப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

போன கடிதத்தில் மான் விஷயமாக நான் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அப்பா பக்கத்தில் இருந்தார். உனக்கு எது சரியோ அதைச் செய். இப்போதும் முன்னறையில்தான் இருக்கிறேன், அத்தான் காத்திருக்கிறார், தபாலில் சேர்க்க. பாதிக் காகிதம் காலியாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

அக்கா


கிட்டாலே, கென்யா,
19-11-1972

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உயிரோடு இருக்கிறேன். அப்பாவிடம் சொல்.

எங்களை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். வழியிலேயே எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. எல்லை தாண்டியதும் ஒரு ஸ்டேஷனில், நினைவில்லாமல் கிடந்தவனை இறக்கிவிட்டார்கள். தகவல் தெரிந்து ஜலீல் பாய் வந்து தன் கடைக்குக் கொண்டுபோனார். “தமிழ் பேச ஆளில்லாம வாயே தூந்து போச்சு, நீ இங்க கிட” என்று சொல்லிக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறார். ஜனவரிக் கப்பல் வரைக்கும் இங்கே தங்க அனுமதி வாங்கியிருக்கிறார்.

உன் செப்டம்பர் கடிதத்துக்குப் பிறகு எதுவும் எனக்கு வரவில்லை. நீ சொன்னபடியே விட்டுவிட்டு வந்தேன். கிளம்புகிற காலையில் தாய் காப்பித் தோட்டத்து ஓரத்தில் நின்றது. குட்டி அதன் முதுகில் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

நாலு வருஷமாக இந்த மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் வருவதைப் பார்த்தேன். இப்போது அதே மலைக்குப் பின்னால் போய் மறைவதைப் பார்க்கிறேன். நடுவில் மலை மட்டும்தான் இருக்கிறது. அந்த மான் பயந்தால் நாய்போலக் குரைக்கும், எழுதியிருக்கிறேனா? இங்கே எந்த நாய் குரைத்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

பாக்கியலக்ஷ்மி விஷயத்தில் அப்பா இஷ்டப்படி செய்யட்டும். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

நல்லசிவம்


மட்டாஞ்சேரி தபாலாபீஸ்,
6-12-1972

என் தம்பிக்கு. காய்ச்சல் விட்டதா? ஜலீல் பாய்க்கு நான் கையெடுத்துக் கும்பிட்டதாகச் சொல்.

இதை வீட்டில் எழுதவில்லை. தபாலாபீசில் பசைக் கிண்ணம் இருக்கும் மேஜையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். நானே தபாலில் சேர்க்கப்போகிறேன்.

நேற்று உன் கடிதத்தை வாசித்தேன். “விட்டுவிட்டு வந்தேன்” என்ற இடம் வந்தது. அப்பா, “நல்ல காரியம் செஞ்சான். ஒரு மானுக்குப் போயி இத்தனை யோசனையா?” என்றார். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

“அது மான் இல்லப்பா” என்றேன்.

“பின்ன?”

“உங்க பேரப்பிள்ளை.”

கனகாம்பாள் எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு முன்பே தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் திரும்பவே இல்லை. இன்று காலையில் சாயா கொண்டுபோய் வைத்தேன். டம்ளரைத் தொடாமலே, “ஆணா, பொண்ணாட்டீ?” என்று கேட்டார்.

நல்லசிவம், இத்தனை மாதத்தில் அதைக்கூட நான் கேட்கவில்லை. வசம்பு கேட்டு நீ எழுதிய அன்றே எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டுவிட்டு வா என்று எழுதினேன். மான் என்ற சொல் இருந்ததால் கை கூசாமல் எழுத முடிந்தது. பிள்ளையை விட்டுவிட்டு வா என்று என்னால் எழுதியிருக்க முடியுமா? அந்தக் கடிதம் போன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னபடி கேட்கிறவன் நீ என்று தெரிந்தும் எழுதினேனே, அதுதான்.

அந்தப் பெண்ணிடம் திரும்பிப் போ. கிண்ணத்தின் கிழக்கு விளிம்பு உடைந்திருக்கிறது, வெந்நீர் ஊற்று இருக்கிறது, யானைகள் அந்த வழியாகப் போய்வருகின்றன என்று நீதானே எழுதினாய்? இங்கிருந்தே நான் வழி சொல்கிறேன் பார், ஆலுவாவைத் தாண்டாதவள். ஆபத்து என்று எனக்குத் தெரியும். என் உயிரைப் பிடித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

ஜனவரிக் கப்பல் போகட்டும். நீலகண்டன் அண்ணாச்சியிடம் இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேரும் இங்கே வர வழி இருந்தால் வாருங்கள், முன்னறை காலியாகத்தான் இருக்கிறது. அந்த ஆபீசர் கேட்ட கடிதத்தில் நானும் அத்தானும் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறோம். காலம் தாண்டிய கையெழுத்து. வர வழி இல்லையென்றால் ஜலீல் பாய் பக்கத்திலேயே இருங்கள். உன் முகத்தைப் பார்க்காமலே என் காலம் முடிந்தாலும் பரவாயில்லை. தனியாக மட்டும் வராதே.

அவள் பேர் என்ன? குழந்தை ஆணா, பெண்ணா? அதன் பேர் என்ன? அப்பா கேட்கிறார். நானும் கேட்கிறேன்.

உன் முப்பிடாதி


கிட்டாலே,
26-12-1972

அன்பு அக்கா, உன் பாதங்களைத் தொட்டுக் கும்பிடுகிறேன். காய்ச்சல் விட்டுவிட்டது.

உன் கடிதம் வந்த மறுநாள், மலைமேல் மாடு மேய்க்கிறவர்கள் இரண்டு பேர் உப்பும் தீப்பெட்டியும் வாங்க ஜலீல் பாய் கடைக்கு வந்தார்கள். அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் பட்டாளம் வந்ததாம். ஆசியாக்காரர்களோடு சேர்ந்திருந்தவர்கள் யார் யார் என்று வீடு வீடாகக் கேட்டார்களாம். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மூங்கில் காட்டுக்கு மேலே ஒரு குகைக்கு ஏறிவிட்டார்கள். யானை உப்புத் தின்ன வரும் குகை. ஒருத்தியின் குழந்தை இடுப்பில் கருப்புக் கயிறு கட்டியிருக்கிறது, இங்கே யாரும் அப்படிக் கட்டமாட்டார்களே என்று அவர்களில் ஒருவர் சொன்னார். ஜலீல் பாய் கடைக் கதவைச் சாத்திவிட்டு என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் பார்த்தது இரண்டு வாரத்துக்கு முன்னால். இப்போது எப்படியோ தெரியாது. மழை நின்றிருக்கிறது. நாளை விடிந்ததும் அவர்களோடு ஏறுகிறேன். ஆற்றின் ஓரமாக வெந்நீர் ஊற்று வரைக்கும் போய், உடைப்பு வழியாக உள்ளே இறங்க வேண்டும். ஜலீல் பாய் கம்பளியும் அரிசியும் கட்டி வைத்திருக்கிறார். என்னிடமிருந்து கடிதம் வரத் தாமதமானால் அவர் எழுதுவார்.

அவள் பேர் நம்போசோ. நீ அனுப்பிய வசம்பை மோந்து பார்த்துவிட்டு, உன் அக்கா மலையில் பிறந்தவளா என்று கேட்டாள்.

அழுகை எப்படி நின்றது என்று நேரில் சொல்வதாக எழுதியிருந்தேன். நேரில் சொல்ல முடியுமோ என்னவோ, இப்போதே எழுதிவிடுகிறேன். நம்போசோவின் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை நிற்காமல் அழுதால், இறந்துபோன பெரியவர்களின் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள். எந்தப் பேரைக் கேட்டு அழுகை நிற்கிறதோ அதுதான் குழந்தையின் பேர். நம்போசோவின் அம்மா அவர்கள் வீட்டுப் பேர்களையெல்லாம் சொல்லி முடித்தாள். அழுகை நிற்கவில்லை. உன் பக்கத்துப் பேரைச் சொல் என்று என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்து போனவள் நம் அம்மா ஒருத்திதானே அக்கா. சொன்னேன். அழுகை நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

இந்தக் கடிதத்தை முன்னறையில் உட்கார்ந்து சத்தமாக வாசி. கனகாம்பாள் வந்தால் அவளும் கேட்கட்டும். அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல். பெண் குழந்தை. பேர் மூக்கம்மாள்.

நல்லசிவம்